கடல் ஏற்ற இறக்கத்தில் கரண்ட்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தறிகளுக்கு கை கொடுக்குமா?

ராஜபாளையம்,

கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குவதை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. நிலக்கரி வேண்டாம், மழை வேண்டாம், காற்றும் வேண்டாம், வானத்தில் நிலா இருக்கும் வரை கரண்ட் கிடைக்கும் என்கிறார்கள். இதைக் கேட்டதும் தறி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி வருவது இயற்கை. "தூத்துக்குடியில் கடல் இருக்கிறதே, அங்கே இருந்து நம்ம ஊருக்கு கொண்டு வர முடியாதா?" என்பதுதான் அது.

கேள்வி நியாயமானது. கடலில் இருந்து கரண்ட் எடுப்பது கட்டுக்கதை இல்லை. பிரான்ஸ் நாட்டில் ஏறக்குறைய 60 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நம்ம பக்கத்து கடலில் அது கட்டுப்படியாகாது. இதற்கு காரணம் அரசாங்கமோ அதிகாரியோ அல்ல. கடலே அப்படித்தான் இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கரண்ட் இருந்தால்தான் கூலி

ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு பெயர் போன ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் ஆஸ்பத்திரிகளுக்கு போகும் பேண்டேஜ் துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நெசவுத் தொழிலை நம்பி குடும்பங்கள் உள்ளன.

விசைத்தறியில் ஓடிய துணிக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்று விடும். 2012-ம் ஆண்டு மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது சென்னை தவிர்த்த பல மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. ராத்திரி கரண்ட் வந்ததும் எழுந்து போய் தறி ஓட்டியவர்கள் பலர்.

இப்போது அந்த நிலைமை இல்லை. விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 750 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. கைத்தறிக்கு 200 யூனிட் 300 ஆனது. ஆனாலும் அதற்கு மேல் ஓடினால் பில் வரும். எனவே எந்த வழியில் கரண்ட் வந்தாலும் அது என்ன விலைக்கு வரும் என்பதுதான் தொழிலாளிக்கும் தறி முதலாளிக்கும் முக்கியம்.

அலை வேறு, ஏற்றம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக்கொள்ள வேண்டும். "கடல் அலையில் மின்சாரம்" என்று பொதுவாக சொல்லி விடுகிறார்கள். ஆனால் அலை வேறு, கடல் ஏற்றம் வேறு.

அலை என்பது காற்றால் வருவது. கரையில் நின்றால் சில வினாடிகளுக்கு ஒரு முறை வந்து அடிக்கும். காற்று பலமாக இருந்தால் பெரிசு, இல்லாவிட்டால் சிறிசு.

கடல் ஏற்றம் என்பது கடல் மட்டமே மொத்தமாக உயர்வது. சுமார் 6 மணி நேரம் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். அடுத்த 6 மணி நேரம் இறங்கும். பாடப் புத்தகத்தில் இதைத்தான் 'ஓதம்' என்று படித்திருப்போம். காலையில் தண்ணீரில் மிதந்த வள்ளம் மதியம் மணலில் உட்கார்ந்திருந்தால் அது இந்த இறக்கத்தின் வேலை.

இதற்கு காரணம் நிலா. நிலாவின் ஈர்ப்பு பூமியில் உள்ள கடல் தண்ணீரை தன் பக்கம் இழுக்கிறது. அந்த பக்கம் தண்ணீர் மேடாகிறது. பூமியின் நேர் எதிர்ப்பக்கத்தில் இழுப்பு குறைவு என்பதால் அங்கேயும் தண்ணீர் பின்தங்கி மேடாகி நிற்கும். பூமி சுற்றும்போது நம்ம கரை இந்த 2 மேடுகளையும் கடந்து போகிறது. அதனால்தான் பெரும்பாலான இடங்களில் ஒரு நாளைக்கு 2 தடவை ஏற்றம், 2 தடவை இறக்கம்.

சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. அமாவாசை, பவுர்ணமியில் நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்து இழுக்கும். அப்போது ஏற்றம் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் குறைவு.

கண்மாய் மடை மாதிரிதான்

இதில் கரண்ட் எடுப்பது எப்படி? நமக்கு தெரிந்த கண்மாயை வைத்தே புரிந்து கொள்ளலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயை எடுத்துக் கொள்வோம். மழை பெய்தால் நிறையும். கரை தண்ணீரை தேக்கி வைக்கும். மடையை திறந்தால் மேலே இருக்கும் தண்ணீர் கீழே உள்ள வயலுக்கு வேகமாக பாயும். அந்த மடையில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது சுற்றும். சக்கரத்தோடு டைனமோவை சேர்த்தால் கரண்ட் வரும்.

கடல் கரண்டும் இதே கதைதான். கடல் கழிமுகத்தில் குறுக்கே பெரிய கரை கட்டுகிறார்கள். கரையில் மதகுகள் இருக்கும். கடல் ஏறும்போது மதகை திறந்து விட்டால் உள்பக்கம் நிறையும். உச்சத்துக்கு வந்ததும் மதகை மூடி விடுவார்கள். வெளியே கடல் இறங்கி விடும், உள்ளே தண்ணீர் உயரத்தில் நிற்கும். அப்போது டர்பைன் இருக்கும் மடையை திறந்தால் தண்ணீர் பாய்ந்து வந்து அதை சுற்றி விடும்.

அதாவது கடலே ஒரு நாளைக்கு 2 தடவை நிரப்பி கொடுக்கிற கண்மாய் இது. மழைக்காக வானத்தை பார்க்க வேண்டியதில்லை.

பிரான்சில் 60 வருடமாக ஓடுது

உலகத்தில் பெரிய அளவில் கட்டப்பட்ட முதல் கடல் ஏற்ற மின் நிலையம் பிரான்சில் உள்ள லா ரான்ஸ். 1966-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ரான்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சுமார் 750 மீட்டர் நீளத்துக்கு கரை கட்டி, 10 மெகாவாட் டர்பைன்கள் 24 வைத்திருக்கிறார்கள். மொத்தம் 240 மெகாவாட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் 210 மெகாவாட். அதைவிட கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக் கொள்ளலாம்.

ஆனால் இது 24 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடாது. தண்ணீர் உயர வித்தியாசம் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடும். வருடத்துக்கு சுமார் 50 கோடி யூனிட் கிடைக்கிறது. முழு நேரமும் முழு வேகத்தில் ஓடினால் கிடைக்கக் கூடியதில் இது கால்வாசிதான்.

இதைவிட கொஞ்சம் பெரியது தென்கொரியாவில் உள்ள சிவா ஏரி மின் நிலையம். 2011-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. 254 மெகாவாட். இதன் பின்னணி சுவாரஸ்யமானது.

அங்கே முதலில் கரண்டுக்காக கரை கட்டவில்லை. நிலமும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்று சுமார் 12 கிலோ மீட்டருக்கு மேல் கடலை அடைத்து, 1994-ல் கரை கட்டி முடித்தார்கள். உள்ளே அடைபட்ட தண்ணீரில் தொழிற்சாலை கழிவு சேர்ந்து நாறிப் போனது. மறுபடியும் கடல் தண்ணீரை உள்ளே விட்டால்தான் ஏரி சுத்தமாகும் என்ற நிலை வந்தது. விடுகிற தண்ணீரை சும்மா விடாமல் டர்பைன் வழியாக விட்டார்கள். ஏரியும் தெளிந்தது, கரண்டும் கிடைத்தது.

கரை ஏற்கனவே கட்டியிருந்ததால் அங்கே செலவு குறைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இந்த தொழிலில் பெரிய செலவு டர்பைன் மட்டும் அல்ல, கரைதான்.

உயரம் இரட்டித்தால் கரண்ட் 4 மடங்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எல்லா கடலிலும் ஏற்றம் ஒரே அளவு இல்லை. கனடாவில் உள்ள பண்டி வளைகுடாவில் கடல் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். அது 5 மாடி கட்டிட உயரம். பிரான்சில் லா ரான்ஸ் இருக்கும் இடத்தில் சராசரியாக 8 மீட்டர், அதிகபட்சம் 13 மீட்டருக்கு மேல்.

இந்த உயரம் ஏன் முக்கியம்? கடல் ஏற்றம் இரட்டிப்பானால் உள்ளே தேங்கும் தண்ணீரும் இரட்டிப்பு, அது விழும் உயரமும் இரட்டிப்பு. ஆக கரண்ட் 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. ஏற்றம் 8 மடங்கு என்றால் கரண்ட் 64 மடங்கு.

இதை அப்படியே திருப்பி போட்டு பாருங்கள். ஏற்றம் எட்டில் ஒரு பங்காக குறைந்தால் கரண்ட் 64-ல் ஒரு பங்கு. ஆனால் கரை கட்டும் செலவு அப்படி குறையாது. நம்ம கடலில் இடிக்கும் இடம் இதுதான்.

தூத்துக்குடி கடலில் கணக்கு போட்டால்

விருதுநகர் மாவட்டத்துக்கு கடற்கரை கிடையாது. நமக்கு பக்கத்து கடல் தூத்துக்குடிதான். அங்கே கடல் ஏற்ற இறக்கம் 1 மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஒரு ஆளின் இடுப்பு உயரம் கூட முழுசாக வராது. தூத்துக்குடி மட்டும் இல்லை, மன்னார் வளைகுடா, இலங்கை சுற்று வட்டாரம் முழுவதும் ஏற்றம் குறைவான பகுதி.

தாராளமாக 1 மீட்டர் என்றே வைத்து கணக்கு போடுவோம். ஒரு சதுர கிலோ மீட்டர், அதாவது சுமார் 247 ஏக்கர் கடலை கரை கட்டி அடைத்ததாக வைத்துக் கொள்வோம். ஒரு தடவை நிரம்பி காலியானால் அந்த தண்ணீரில் இருக்கும் மொத்த சக்தி சுமார் 1,400 யூனிட். ஒரு நாளைக்கு 2 தடவை என்றால் 2,800 யூனிட்.

இது காகிதக் கணக்கு. நடைமுறையில் முழுசும் கிடைக்காது. இதே முறையில் லா ரான்சுக்கு கணக்கு போட்டு பார்த்தால், அங்கே உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதன்படி பார்த்தால் நம்ம 247 ஏக்கரில் நாள் ஒன்றுக்கு 900 யூனிட் சொச்சம் தேறும்.

இது எவ்வளவு? சாதாரண விசைத்தறி மோட்டார் 1 குதிரை சக்தி என்றால் ஒரு 8 மணி நேர ஷிப்ட்டுக்கு சுமார் 6 யூனிட் இழுக்கும். ஆக 150 தறிகள் ஒரு ஷிப்ட் ஓடும். அவ்வளவுதான். அதற்கு 247 ஏக்கர் கடலை அடைக்க வேண்டும், பல கிலோ மீட்டர் கரை கட்ட வேண்டும், டர்பைன் வைக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் அரித்துப் போகாமல் பராமரிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஒரு 2 மெகாவாட் காற்றாலையை பாருங்கள். சீசனில் காற்று முழு வேகத்தில் அடித்தால் அரை மணி நேரத்தில் 1,000 யூனிட் கொடுத்து விடும். கடலில் 247 ஏக்கர் நாள் முழுக்க கொடுப்பதை ஒற்றை காற்றாலை அரை மணியில் கொடுக்கும் என்றால், பணம் எங்கே போகும் என்பதை சொல்ல வேண்டியதில்லை.

கரை கட்டி கரண்ட் எடுக்க குறைந்தது 5 மீட்டராவது ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும் என்பது பொதுவாக சொல்லப்படும் அளவு. தமிழ்நாட்டு கரையில் எங்கேயும் அது இல்லை.

குஜராத்தில் ஏறுது, ஆனாலும் கட்டவில்லை

இந்தியாவில் அந்த உயரம் உள்ள இடம் குஜராத். காம்பே வளைகுடாவில் அதிகபட்சம் 11 மீட்டர், சராசரி 6.77 மீட்டர். கட்ச் வளைகுடாவில் அதிகபட்சம் 8 மீட்டர், சராசரி 5.23 மீட்டர். இந்த 2 வளைகுடாக்களும் புனல் மாதிரி போகப் போக குறுகுகின்றன. அகலமான வாயில் நுழையும் தண்ணீர் ஒடுங்கிய இடத்தில் சேரும்போது மேலே ஏறுவதை தவிர வேறு வழி இல்லை.

கட்ச் வளைகுடாவில் 900 மெகாவாட் எடுக்கலாமா என்று 1980-களிலேயே ஆய்வு நடந்தது. அது ஆய்வோடு நின்றது. பிறகு 2011-ல் அதே வளைகுடாவில் 50 மெகாவாட் திட்டம் அறிவிக்கப்பட்டது. மதிப்பீடு சுமார் 750 கோடி ரூபாய். மெகாவாட்டுக்கு 15 கோடி. இந்த திட்டமும் கைவிடப்பட்டது.

மேற்கு வங்காளத்தில் சுந்தரவனக் காடுகளுக்கு நடுவே துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் மின் நிலையம் கட்ட 2007-ல் ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு ஏறி ஏறி 238 கோடி ரூபாயில் வந்து நின்றது. மெகாவாட்டுக்கு 63 கோடிக்கு மேல். சோலார் மின் நிலையம் என்றால் மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4, 5 கோடியில் முடிந்து விடும். எனவே துர்காதுவானி திட்டமும் கைவிடப்பட்டது.

சென்னை ஐ.ஐ.டி.யும் கிரிசில் நிறுவனமும் 2014-ல் கொடுத்த ஆய்வில், இந்தியாவில் கடல் ஏற்ற இறக்கத்தில் 12 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் எடுக்க வாய்ப்பு உள்ளது என்று சொல்லப்பட்டது. செய்திகளில் வருவது பெரும்பாலும் இந்த எண்தான். ஆனால் வாய்ப்பு என்பது வேறு, கட்டுப்படியாவது வேறு. இந்த முறையில் மின்வாரிய கம்பிக்கு கரண்ட் கொடுக்கும் நிலையம் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

அணை இல்லாமல் முடியாதா?

கரை கட்டாமல் கரண்ட் எடுக்கும் வழியும் இருக்கிறது. 2 நிலப்பகுதிகளுக்கு நடுவே குறுகலான கடலில், ஏற்றம் வரும்போது ஒரு பக்கமும் இறக்கத்தில் மறுபக்கமும் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். அங்கே கடலுக்கு அடியில் காற்றாலை மாதிரி விசிறியை நட்டு விடுகிறார்கள். ஓடும் தண்ணீர் அதை சுற்றும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே மெய்ஜென் என்ற இடத்தில் இப்படி 4 டர்பைன்கள், மொத்தம் 6 மெகாவாட் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். இதற்கு வினாடிக்கு 2 மீட்டர் அளவுக்காவது நீரோட்டம் தினமும் வேண்டும். அதாவது வேகமாக நடக்கிற ஆளை முந்துகிற ஓட்டம்.

ராமேஸ்வரம் போனவர்கள் பாம்பன் பாலத்துக்கு கீழே தண்ணீர் இழுப்பதை பார்த்திருப்பார்கள். அங்கே வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் பாம்பன் கால்வாய் குறுகலானது, ஆழம் குறைவு. கப்பலும் படகும் போகும் வழி. பக்கத்திலேயே 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசிய பூங்கா 1986-ல் இருந்து இருக்கிறது. பெரிய மின் நிலையத்துக்கு அது தோதான இடம் அல்ல.

நம்ம பக்கம் நடந்த 3 சோதனைகள்

கடல் ஏற்றத்தில் வாய்ப்பு இல்லை என்றாலும், தென்கடலில் கரண்ட் எடுக்க வேறு வழிகளில் முயற்சி நடந்திருக்கிறது.

முதலாவது விழிஞ்ஞம். திருவனந்தபுரம் பக்கத்தில் 1991-ல் 150 கிலோவாட் அலை மின் நிலையம் அமைத்தார்கள். இது கடல் ஏற்றம் அல்ல, அலை. கடலுக்குள் கான்கிரீட் பெட்டி ஒன்றை நிறுத்தினார்கள். அலை உள்ளே வரும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றை தள்ளும், அலை திரும்பும்போது காற்றை இழுக்கும். அந்த காற்று டர்பைனை சுற்றும். சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் இதில் வேலை பார்த்தார்கள். பிறகு அதே கரண்டை வைத்து கடல் தண்ணீரை குடிதண்ணீராக்கும் சோதனையும் நடந்தது. இப்போது அந்த நிலையம் இயங்கவில்லை.

இரண்டாவது 'சாகர் சக்தி'. கடலின் மேல் தண்ணீர் சூடு, ஒரு கிலோ மீட்டர் ஆழத்தில் உள்ள தண்ணீர் ஜில். இந்த வித்தியாசத்தை வைத்து 1 மெகாவாட் எடுக்க சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் முயன்றது. ஆழத்து தண்ணீரை உறிஞ்ச வேண்டிய நீளமான குழாயை கடலில் இறக்குவதே பெரும் பாடாகி, திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் உழைப்பு வீண் போகவில்லை. ஆழத்து குளிர்ந்த தண்ணீரை வைத்து குடிதண்ணீர் தயாரிக்கும் ஆலை 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் அமைக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 1 லட்சம் லிட்டர்.

மூன்றாவது 'சிந்துஜா-1'. சென்னை ஐ.ஐ.டி. செய்த இந்த மிதவை 2022 நவம்பரில் தூத்துக்குடி கரையில் இருந்து சுமார் 6 கிலோ மீட்டர் தூரத்தில் கடலில் விடப்பட்டது. அலையில் மேலும் கீழும் ஆடும்போது கரண்ட் தரும். அப்போது எடுத்தது 100 வாட்ஸ். ஒரு குண்டு பல்பு எரிகிற அளவு.

100 வாட்ஸ் என்றதும் சிரிக்க வேண்டாம். இது ஊருக்கு கரண்ட் கொடுக்க செய்தது அல்ல. நடுக்கடலில் மிதக்கும் அளவு கருவிகள், தண்ணீருக்குள் ஓடும் ரோபோக்கள் போன்றவற்றுக்கு அங்கேயே கரண்ட் கொடுப்பதுதான் முக்கிய நோக்கம். நடுக்கடலுக்கு மின்கம்பி இழுக்க முடியாது. அங்கே 100 வாட்ஸ் கூட பெரிய விஷயம். ஆனால் "தூத்துக்குடி கடலில் மின்சாரம்" என்ற தலைப்பை மட்டும் பார்த்து விட்டு, நம்ம தறிக்கு வரப்போகிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

மீன் பிடிக்கிறவர் கதி என்ன?

நமக்கு கரண்ட் எப்படியோ, கடலில் இறங்குகிறவர்களுக்கு கடல் அப்படி. கழிமுகத்தில் கரை கட்டினால் மீன் உள்ளே வந்து முட்டையிட்டு திரும்புவது தடைபடும். லா ரான்சில் கட்டுமானத்துக்காக சில வருடம் கடலை முழுசாக அடைத்து வைத்ததில் உள்பக்கம் இருந்த உயிரினங்கள் பெரிதும் அழிந்து, மறுபடி தேறி வர பல வருடம் ஆனது. வண்டலும் சேர்ந்தது.

கனடாவில் அனாபொலிஸ் என்ற இடத்தில் 1984-ல் தொடங்கிய 20 மெகாவாட் நிலையம் 2019-ல் நின்று விட்டது. இயந்திரக் கோளாறு ஒரு பக்கம். டர்பைனில் மாட்டி மீன்கள் சாகிற பிரச்சினை இன்னொரு பக்கம்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையில் மீன்பிடித்தும், சங்கு குளித்தும், உப்பளத்தில் வேலை பார்த்தும் பிழைக்கிறவர்கள் ஏராளம். 150 தறிக்கு கரண்ட் எடுக்க 247 ஏக்கர் கடலை அடைத்தால், ஒரு தொழிலாளியின் கூலிக்கு இன்னொரு தொழிலாளியின் பிழைப்பை விலையாக கொடுத்த மாதிரி ஆகி விடும்.

பஞ்சாங்கம் போல நேரம் தவறாது

அப்படியானால் உலகம் ஏன் இன்னும் இதை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது? காரணம் இருக்கிறது.

காற்று எப்போது அடிக்கும் என்று நாலு நாளைக்கு முன்பு கூட உறுதியாக சொல்ல முடியாது. மேகம் வந்தால் சோலார் படுத்து விடும். ஆனால் கடல் எப்போது ஏறும், எத்தனை அடி ஏறும் என்பதை பல வருடங்களுக்கு முன்பே பஞ்சாங்கம் மாதிரி அச்சடித்து விடலாம். துறைமுகங்களில் அப்படித்தான் அட்டவணை வைத்திருக்கிறார்கள். 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும்.

மின்வாரியத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. கடல் நம்ம கடிகாரத்தை பார்க்காது. சாயங்காலம் 7 மணிக்கு வீட்டுக்கு வீடு லைட் போடும் நேரத்தில் கடல் ஏறி முடித்து சும்மா நிற்கலாம். ராத்திரி 2 மணிக்கு கரண்ட் கொட்டலாம். அதனால் இதை மட்டும் நம்பி எந்த ஊரும் இல்லை.

நமக்கு கிடைத்த காற்று

குஜராத்துக்கு கடல் ஏற்றம் கிடைத்த மாதிரி, நமக்கு மலைக்கணவாய் கிடைத்திருக்கிறது. செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, பாலக்காடு கணவாய்கள் வழியாக மே முதல் செப்டம்பர் வரை காற்று பாய்ந்து வருகிறது. விரிந்த கடல் தண்ணீர் குறுகிய வளைகுடாவில் எப்படி ஏறுகிறதோ, அதே மாதிரி பரந்த காற்று மலை இடுக்கில் வேகம் எடுக்கிறது.

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்த திறன் 10 ஆயிரம் மெகாவாட்டை தாண்டி விட்டது. ராஜபாளையத்தை சேர்ந்த நூற்பாலை நிறுவனங்களும் சொந்தமாக காற்றாலை வைத்துள்ளன. காற்றாலை எங்கோ இருக்கும், மில் இங்கே இருக்கும். அங்கே உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரிய கம்பியில் ஏற்றி விட்டு, இங்கே கணக்கில் கழித்துக் கொள்கிறார்கள்.

எனவே கடல் தூரத்தில் இருப்பது நமக்கு தடை இல்லை. கம்பியில் ஏற்றினால் எங்கிருந்தும் வரும். விலைதான் தடை.

சீசன் முடிந்தால் காற்று குறையும் என்பது உண்மை. அந்த நேரத்துக்கு வெயில் இருக்கிறது. மொட்டை மாடியில் 1 கிலோவாட் சோலார் தகடு போட்டால் நாளுக்கு சுமார் 4 யூனிட் கிடைக்கும். வீடுகளில் சோலார் போட 2024-ல் தொடங்கிய மத்திய அரசு திட்டத்தில் அதிகபட்சம் 78 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இது வீட்டு இணைப்புக்கு மட்டும். தறிக்கூடத்துக்கு பொருந்தாது.

இனி செய்தி வந்தால் 3 கேள்வி

கடல் கரண்ட் பற்றி இனியும் செய்தி வரும். டர்பைன் விலை குறையலாம், புது முறை வரலாம். யாராவது இதை சொல்லி பங்கு சேர பணம் கேட்கவும் கூடும். அப்போது 3 கேள்வி கேட்டால் போதும்.

1. இது அலையா, ஏற்றமா? ஏற்றம் என்றால் அந்த இடத்தில் கடல் எத்தனை மீட்டர் ஏறுகிறது?

2. எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்தாமல், வருடத்துக்கு எத்தனை யூனிட் கிடைக்கும்?

3. ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை கோடி செலவு?

இந்த 3 கேள்விக்கும் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு காது கொடுத்து கேட்கலாம். "கடல் பெரிசு, கரண்டும் பெரிசு" என்று மட்டும் சொன்னால் எழுந்து தறி ஓட்டப் போகலாம். தூத்துக்குடி கடல் நமக்கு மீன் தருகிறது, உப்பு தருகிறது. ஏறி இறங்கி கரண்ட் தரும் அளவுக்கு அதற்கு உயரம் இல்லை.